வழிப்பயணத்தில் நீர் வடித்தல்

நீரை வடிகட்டிப் பருகுதலும் இரவு உண்ணாமையும் சிராவகரை உலகம் அடையாளம் கண்டுகொள்ளும் இரு பேரொழுக்கங்களாம். இல்லத்தில் இருக்கும்வரை இவற்றுள் முதலாவதைக் கடைப்பிடிப்பதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. கிணறோ குழாயோ அருகில் இருக்கிறது. வடிதுணி கைக்கெட்டும் இடத்தில் தொங்குகிறது. ஆனால் இல்லத்தையே சக்கரங்களின்மேல் ஏற்றிக்கொண்டு புறப்படும்போது இவ்வொழுக்கம் என்னவாகிறது? இதுவே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டிய வினாவாகும்.

குமரி மாவட்டத்துக் குழித்துறையை அறியாத யாத்திரிகர் நம்மிடையே குறைவு. கோதையாறும் பறளியாறும் கூடிய தாமிரபரணி இவ்வூர் வழியே பாய்ந்து, தேங்காய்ப்பட்டணத்தருகே கடலில் கலக்கின்றது. நெல்லைச் சீமையின் தாமிரபரணி வேறு, இது வேறு. குழித்துறைக்கு அண்மையில் உள்ள சிதறால் மலையில், 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் திருவுருவங்களும் உள்ளன. அரிட்டநேமி பட்டாரகரின் மாணவியான குணந்தாங்கிக் குரத்தியார் அங்குள்ள பகவதிக்குப் பொன்னணி அளித்த செய்தியை அக்கல்வெட்டு கூறுகிறது. அம்மலையைத் தரிசிக்கப் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து குடும்பங்கள் வேன்களில் வருகின்றன. சமையல் மேடையும் நீர்த்தொட்டியும் பொருத்திய கேரவன் வண்டிகளும் இப்போது பெருகி வருகின்றன. அண்டை மாநிலமாகிய கேரளம் 2021இல் இதற்கெனவே ஒரு சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. இத்தகைய வண்டிக்கு எந்த வடிகட்டியைப் பொருத்துவது என்று அன்பர்கள் ஆராய்வது இயல்பே.

கடைகளில் கிடைப்பவை சில வகைகளே. கரித்தூள் வடிகட்டி குளோரின் வாடையையும் நாற்றத்தையும் நீக்கும். புற ஊதா விளக்குக் கருவி கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும். ஆனால் நீர் தெளிந்திருந்தால்தான் அது பயன்படும். நுண்குழல் சவ்வு மின்சாரமின்றியும் கிருமிகளைத் தடுக்கவல்லது. ஆர்.ஓ. இயந்திரம் உப்பையே பிரித்தெடுக்கும். ஆயினும் மிகுதியான நீரைக் கழிவாக வெளியேற்றும். நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் அதனைத் தடைசெய்ய வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் பணித்தது. ஏந்தி வந்த சிறு தொட்டி நீரில் ஒரு பங்கைச் சாலையோரத்தில் ஒழுகவிடுவது பயணிக்குப் பொருந்தாது. நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களுக்குச் செல்வோர்க்கே அது தேவைப்படும்.

இதுவரை கூறியவை உடல்நலம் பற்றியவை. அறத்தின் வினா இதற்கு அப்பால் தொடங்குகிறது: நாம் எவரைக் காப்பதற்காக வடிகட்டுகிறோம்? கருவிகள் யாவும் பருகுவோனை நீரிலுள்ள உயிரிடமிருந்து காக்கின்றன. நம் முன்னோர் துணியை மடித்தது, நீரிலுள்ள உயிரைப் பருகுவோனிடமிருந்து காப்பதற்காக. ஆதலால்தான் வடித்தலோடு அவ்வொழுக்கம் முடிவதில்லை. துணியில் தங்கிய சிற்றுயிர்களை, வடித்த நீர் கொண்டே மெல்ல அலசி, எந்த நீர்நிலையிலிருந்து எடுத்தோமோ அதிலேயே சேர்க்க வேண்டும். வடநாட்டார் இதனை ஜீவானி என்பர். கிணற்று உயிரை ஆற்றில் விடுவதும், ஆற்று உயிரைத் தரையில் கொட்டுவதும் ஜீவானி ஆகா.

பயணத்தின் இடர் இங்கேதான் எழுகிறது. குழித்துறையில் நிரப்பிய நீரை நாகர்கோவிலில் வடித்தால், துணியில் தங்கியதை எங்கே சேர்ப்பது? பிறந்த நீர் பின்னே போய்விட்டது. வண்டிக்குள் பொருத்திய வடிகட்டியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதனுள் அகப்பட்ட உயிர் அங்கேயே மடிகிறது. சில திங்கள் கழித்து அவ்வுறை குப்பைத்தொட்டியில் எறியப்படுகிறது.

ஆகவே, எந்தக் கருவி என்பதைக் காட்டிலும் எந்த வரிசை என்பதே முதன்மையானது. நீர் எடுக்கும் இடத்திலேயே, தொட்டியில் ஊற்றுமுன், தடித்த துணியை இரட்டையாக மடித்து வடிக்க வேண்டும். தங்கியதை அந்நீர்நிலையிலேயே சேர்த்த பின்னரே வண்டி புறப்பட வேண்டும். வடித்த நீரும் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், கடந்தால் மீண்டும் வடிக்கத்தக்கது என்பது மரபு. காய்ச்சிய நீருக்கோ ஒரு நாள் எல்லை உண்டு. ஆதலின் வடித்தவுடன் காய்ச்சி, அன்றைக்கு வேண்டிய அளவே எடுத்துச் செல்வது பயணிக்கு உகந்தது. கருவி வேண்டுவோர் துணிக்குப் பின்னரே அதனை அமைக்கட்டும்.

காய்ச்சுவதும் கொலைதானே என்று சிலர் வினவுவர். நீருடலுயிர்க்கு ஊறு செய்யாமல் இல்லறத்தான் வாழ இயலாது. அதனால்தான் அவனது நோன்பு அணுவிரதம் எனப்பட்டது. தவிர்க்க இயலாததைக் குறைப்பதும், தவிர்க்கக் கூடியதைத் தவிர்ப்பதும் அவன் கடமை. இயங்கும் உயிர்களைத் துணியால் பிரித்து உயிரோடு திருப்பிவிட முடியும் என்னும்போது, அவற்றையும் சேர்த்துக் கொதிக்க வைப்பது தவிர்க்கக் கூடிய தீங்கன்றோ? வழிப்போக்கர்க்கு விலக்கு உண்டு என்பாரும் உளர். நோயாலும் முதுமையாலும் இயலாதார்க்கு விலக்கு தகும். பத்து நிமிடம் வண்டியை நிறுத்த மனமில்லாமை நோயன்று.

துணியின் ஆற்றலை எளிதென எண்ணவும் வேண்டா. வங்கதேசத்து மத்லப் பகுதிச் சிற்றூர்களில் அறிவியலாளர் ரீட்டா கோல்வெல் குழுவினர், பழைய சேலையைக் குறைந்தது நான்காக மடித்து நீரை வடிக்கச் செய்தனர். காலரா நோய் ஏறத்தாழ 48 விழுக்காடு குறைந்தது என்று 2003இல் அறிவித்தனர். காலராக் கிருமிகள் ஒட்டிக்கொண்டிருந்த நுண்ணிய நீர்வாழ் உயிரிகள் துணியில் தங்கிவிட்டதே காரணம். நரம்புச் சிலந்தி நோயை நம் நாட்டிலிருந்து ஒழித்ததிலும் துணி வடிகட்டிக்குப் பங்குண்டு. அந்நோய் இந்தியாவில் இல்லை என 2000இல் உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது. ஆயினும் தனித்த கிருமிகள் துணியின் இழையிடையே புகுந்துவிடும். அதற்காகவே காய்ச்சுதலும் கருவியும். உயிரைக் காக்க முனைந்த கை தன்னையும் காத்துக்கொண்டது என்பதே இச்செய்திகளின் பொருள்.

சிதறால் குன்றில் அமர்ந்த துறவியரிடம் இயந்திரம் இல்லை, விழிப்பு இருந்தது. நம்மிடம் இயந்திரங்கள் பல உள. விழிப்பை மட்டும் எந்தக் கடையிலும் வாங்க இயலாது. அடுத்த யாத்திரைக்குப் புறப்படும் குடும்பத்தார், வண்டியில் எந்தக் கருவி இருப்பினும், ஒரு முழத் துணியை முதலில் எடுத்து வைப்பாராக.