தட்டிப் பார்த்து எடு

மாசி முடிந்து வெயில் ஏறினால் ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் புதுப்பானை வந்து இறங்கிவிடும். பூவராகரைச் சேவிக்க வந்தவர்கள் போகிற போக்கில் ஒன்று வாங்கிப் போவார்கள். நானும் குனிந்து ஒன்றைத் தூக்கினேன். விலை கேட்பதற்குள் கடைக்கார அம்மா, "தட்டிப் பாத்து எடு தம்பி" என்றார்.

விரலை மடக்கித் தட்டினேன். 'ணங்'கென்றால் நல்ல பானை. 'பொத்'தென்றால் கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கோ ஓடுகிறது. விருத்தாசலம் பீங்கான் கோப்பைக்கும் இதே சோதனைதான். நாம் தட்டியதால் விழுந்த கீறல் அல்ல அது. காயும்போதோ சூளையிலோ முன்பே விழுந்தது.

இந்தியக் கால்பந்தையும் ஒருவர் அப்படித்தான் தட்டிப் பார்த்தார். 2025 ஜூன் 10 அன்று ஹாங்காங்கிடம் கடைசி நேர பெனால்டியில் 0-1 என்று இந்தியா தோற்றது. அனைத்திந்தியக் கால்பந்துச் சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே பதவி விலக வேண்டும் என்றார் முன்னாள் கேப்டன் பாய்ச்சுங் பூட்டியா. சௌபே செய்தியாளர்களைக் கூட்டினார். வெளிநாட்டிலுள்ள இந்திய வம்சாவளி ஆட்டக்காரர்களை அழைத்துவரும் முயற்சியைச் சொன்னார். அது கேட்கவேண்டிய பதில். ஆனால் பூட்டியா இந்தியக் கால்பந்தின் பெயரைக் கெடுக்கிறார் என்றும் சொன்னார். எனக்கு மனம் கசந்தது அங்கேதான். அடுத்த மாதம் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 133-வது இடத்தில் நின்றது. அந்த இடம் பூட்டியாவின் பேச்சால் வந்ததல்ல.

சௌபே ஆட்டம் தெரியாதவரும் அல்ல. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டுக்கும் கோல் காத்தவர். சம்மேளனத்தின் 85 ஆண்டு வரலாற்றில் தலைவரான முதல் ஆட்டக்காரர். கோல் விழுந்தபின் குனிந்து வலையிலிருந்து பந்தை எடுத்த கைகள் அவருடையவை. அவரிடம் நான் கூடுதலாக எதிர்பார்ப்பது அதனால்தான்.

2022 செப்டம்பர் 2 அன்று நடந்த தலைவர் தேர்தலில் அவருக்கு 33 வாக்கு, எதிர்த்து நின்ற பூட்டியாவுக்கு 1. தோற்றவரின் ஆற்றாமை என்று சொல்லிவிடலாம்தான். தட்டுகிற விரல் யாருடையது என்பதைப் பொறுத்தா பானையின் ஓசை மாறுகிறது?

அந்த 34 வாக்கில் ரசிகனுக்கு ஒன்றுகூட இல்லை. பார்சிலோனா கால்பந்துக் கழகத்தில் கதை வேறு. அங்கே உறுப்பினர்களே கையெழுத்துத் திரட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரலாம். 2020 ஆகஸ்டில் பயர்னிடம் 2-8 என்று தோற்றபின் அப்படித்தான் திரட்டினார்கள். வாக்கெடுப்பு வருமுன், அக்டோபர் 27 அன்று, தலைவர் பார்தொமேயு விலகினார். நம் ரசிகனுக்கு அந்த வழியில்லை. நாளிதழில் வரும் ஒரு கேள்வி, ஒரு முன்னாள் வீரரின் குரல், இவையே அவன் விரல். அதையும் தட்டிவிட்டால் அவன் எங்கே போவான்?

நான் தட்டிய மூன்றாவது பானை 'பொத்'தென்றது. அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. வாங்கித் தானும் ஒருமுறை தட்டிக் காதுகொடுத்தார். "ஆமாந் தம்பி, சூளையிலயே போயிருக்கு. துளசி வைக்க ஆகும்" என்று அதைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, வேறொன்றை என் கையில் கொடுத்தார்.