ரசிகனின் பாத்தியதை

ஒருவன் தன் மனத்துக்குப் பிடித்த கதையைப் பற்றிப் பேசும்போது கவனித்துப் பாருங்கள். 'அந்தப் படம்' என்று அவன் சொல்லமாட்டான். 'நம்ம படம்' என்பான். அவன் கொடுத்தது ஒரு டிக்கெட்டின் விலை. கொட்டகையை விட்டு வெளியே வரும்போது கொண்டுபோனதோ ஆயுளுக்கும் போதுமான சொத்து. அந்தச் சொத்தின்மேல் அவனுக்கு உண்மையில் எவ்வளவு பாத்தியதை உண்டு? கதையை எழுதியவன் அதன் அடுத்த பாகத்தைக் கொண்டுவந்து, அது ரசிகனுக்குப் பிடிக்காமல் போய்விட்டால், 'என் சொத்தைக் கெடுத்துவிட்டாய்' என்று வழக்காட அவனுக்கு நியாயம் இருக்கிறதா? கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வி என்னை வெகு நாளாகத் தொந்தரவு செய்து வருகிறது.

உதாரணத்துக்கு நான் அமெரிக்காவுக்குப் போகிறேன். நம் ஊர்ப் படம் எதையாவது எடுத்துக்கொண்டால், கட்டுரையை விட்டுவிட்டுக் கட்சி கட்டத் தொடங்கிவிடுவோம் என்பது ஒரு காரணம். இந்த வழக்கு அங்கேதான் நாற்பது ஐம்பது ஆண்டுகளாக விடாமல் நடந்து வருகிறது என்பது இன்னொரு காரணம்.

1977 மே மாதத்தில் 'ஸ்டார் வார்ஸ்' என்ற படம் வெளிவந்தது. எழுதி இயக்கியவர் ஜார்ஜ் லூகாஸ் என்ற முப்பத்து மூன்று வயதுக்காரர். விண்வெளி, ராக்கெட், யந்திர மனிதன் என்ற அலங்காரங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், பாட்டி சொல்லும் கதைதான். பாலைவனத்தில் மாமன் வீட்டில் வளரும் ஒரு பையன், அவனுக்கு வித்தை கற்பிக்கும் ஒரு கிழவர், சிறைப்பட்ட ராஜகுமாரி, கறுப்பு முகமூடி அணிந்த கொடியவன். படத்தில் ஒரு காட்சி உண்டு. அந்தப் பாலைவன உலகத்துக்கு இரண்டு சூரியன்கள். இரண்டும் ஒன்றாக அஸ்தமிப்பதைப் பார்த்தபடி, 'எனக்கு இந்த ஊரை விட்டு விமோசனம் உண்டா?' என்று கேட்பவன்போல் பையன் நிற்கிறான். வாயைத் திறந்து அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் உலகத்தில் எத்தனையோ சிற்றூர்களில் எத்தனையோ பையன்கள் அந்தக் காட்சியில் தங்களைக் கண்டுகொண்டார்கள். 1980-லும் 1983-லும் அதன் தொடர்ச்சியாக இரண்டு படங்கள் வந்தன. கறுப்பு முகமூடிக்காரன் தன்னைப் பெற்ற தகப்பனே என்று பையன் அறிகிறான். கொல்ல வாய்ப்புக் கிடைத்தும் கொல்ல மறுக்கிறான். அந்த மறுப்பினாலேயே தகப்பனை மீட்கிறான். கதை மங்களமாக முடிந்தது.

முடிந்த கதை அப்படியே இருந்திருந்தால் வழக்கே இல்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1999-ல், லூகாஸ் முன்கதையைச் சொல்ல வந்தார். பத்து வயதில் முதல் படத்தைப் பார்த்தவர்களுக்கு அப்போது முப்பது வயது கடந்துவிட்டது. சிலர் கொட்டகை வாசலில் நாள் கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். திரையில் அவர்கள் கண்டதோ, வாணிப வரித் தகராறும், சபை விவாதமும், நீண்ட காதுகளை ஆட்டிக்கொண்டு தடுக்கி விழும் ஜார் ஜார் பிங்ஸ் என்ற ஒரு கோமாளியும்! 'எங்கள் பால்யத்தைப் பாழாக்கிவிட்டான் பாவி' என்ற கூக்குரல் அன்று எழுந்தது. பிறகு அது அடங்கவே இல்லை.

2012-ல் லூகாஸ் தம் நிறுவனத்தை டிஸ்னி நிறுவனத்துக்கு ஏறக்குறைய 400 கோடி டாலருக்கு விற்றுவிட்டு விலகினார். 2015-ல் புதிய கைகளில் புதிய படம் வந்தது. மறுபடியும் பாலைவனம், மறுபடியும் ஓர் அநாதை, மறுபடியும் கிரகங்களை அழிக்கும் ஒரு யந்திரம். 'பழையதையே திருப்பிக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள்' என்று பலர் குறைப்பட்டார்கள். 2017-ல் வந்த அடுத்த படத்தை எழுதி இயக்கிய ரியான் ஜான்சன் எதையும் திருப்பிக் காட்டவில்லை. பழைய கதாநாயகன் இப்போது கிழவன். தோற்று, மனம் கசந்து, தனித்தீவு ஒன்றில் ஒளிந்து வாழ்கிறான். பழைய வாளைக் கொண்டுவந்து கொடுத்தால் தோளுக்குப் பின்னால் வீசி எறிகிறான். 'எங்கள் வீரனைக் கொன்றுவிட்டார்கள்' என்று ஆத்திரம் பொங்கியது. அந்தப் படத்தையே கதையின் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2019-ல் வந்த மூன்றாவது படம், முந்தைய படம் சொன்ன சிலவற்றை மாற்றிச் சொல்லி, செத்தவனை எழுப்பிக் கொண்டுவந்து, எல்லாரையும் திருப்தி செய்யப் பார்த்தது. அதிலும் திருப்தி அடையாதவர்கள் ஏராளம்.

பழையதுபோல் இருந்தால் குற்றம்; புதிதாக இருந்தால் குற்றம்; கேட்டதைக் கொடுத்தாலும் குற்றம். 'இவர்கள் என்னதான் கேட்கிறார்கள்?' என்று சலித்துக்கொள்வது சுலபம். நான் சலித்துக்கொள்ள விரும்பவில்லை. அவர்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. இரண்டு சூரியன்களை முதன்முதலில் பார்த்த அந்தப் பத்து வயதைக் கேட்கிறார்கள். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்த அந்த மாட்னி காட்சியைக் கேட்கிறார்கள். வாழ்க்கையில் எதுவும் ஆகலாம் என்று நம்ப முடிந்த அந்த மனத்தைக் கேட்கிறார்கள். இதை எந்த டைரக்டர் எடுத்துத் தர முடியும்? ஊருக்குத் திரும்பி, தான் நீந்திய குளம் இவ்வளவு சிறியதா என்று திகைக்கிறவன், குளத்தைச் சிறிதாக்கியவன் யார் என்று தேடிக்கொண்டு போவதுபோல்தான் இது.

என் நாவல் ஒன்றுக்கு இரண்டாம் பாகம் எழுதியபோது எனக்கு ஒரு கடிதம் வந்தது. முதல் பாகத்தில் பிடிவாதமாகப் போராடி மனத்துக்குப் பிடித்தவனை மணந்துகொண்ட பெண், இரண்டாம் பாகத்தில் அந்தத் திருமணத்தில் சலிப்புற்று நிற்கிறாள். 'என் பெண் குழந்தைக்கு அவள் பெயரை வைத்திருக்கிறேன். அவளை இப்படிச் செய்ய உங்களுக்கு என்ன உரிமை?' என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். 'உங்கள் வீட்டில் வளர்கிறவளுக்கு நீங்கள் தகப்பன். என் காகிதத்தில் வளர்கிறவளுக்கு நான் தகப்பன். வளர்ந்த பெண் தகப்பன் சொற்படியெல்லாம் கேட்பாளா?' என்று பதில் எழுதினேன். அந்தக் கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. பாராட்டுக் கடிதங்கள் பல தொலைந்துவிட்டன. 'நன்றாக இருந்தது' என்று எழுதுகிறவர் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுகிறார். அந்தத் தகப்பனோ புத்தகத்துக்குள் இருந்துகொண்டே எழுதியிருந்தார்.

ஆகையால் ஏமாற்றத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. அன்பு இருந்த இடத்தில்தான் அது வரும். 1893-ல் கானன் டாயில் ஷெர்லக் ஹோம்ஸை ஓர் அருவியில் தள்ளிக் கதையை முடித்தபோது, ஒரு பெண்மணி அவருக்கு எழுதிய கடிதம் வசைச் சொல்லோடுதான் தொடங்கியதாம். டாயில் அசையவில்லை. வேறு நாவல்கள் எழுதினார். பத்தாண்டு கழித்து, 1903-ல், ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார். வைதவள் வாசகி, எழுதினவர் எழுத்தாளர், அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். இதில் யாருக்கும் கெடுதல் நேர்ந்துவிடவில்லை.

ரசிகன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். லூகாஸின் ஆறு படங்கள் வர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. கைமாறிய பிறகு, 2015 முதல் 2019 வரை, ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து படங்கள் வந்தன. போட்ட முதலை எடுக்க வேண்டிய வியாபாரி, மக்களின் பால்ய ஞாபகத்தையே கடைச்சரக்காக அடுக்கி வைக்கிறான். 'உங்கள் பழைய நண்பர்கள் திரும்பி வருகிறார்கள்' என்று விளம்பரம் செய்து அழைத்தவன், வந்தவன் முகம் சுளித்தால், 'இது வெறும் படம்தானே' என்று சொல்ல முடியாது. அன்பைக் காட்டிக் காசு வாங்கினால் அன்பின் கோபத்தையும் கொஞ்சம் வாங்கித்தான் ஆகவேண்டும்.

இன்னொரு விஷயத்தில் ரசிகனுக்கு முழு உரிமையே உண்டு என்பேன். முதல் படத்தில், சாராயக் கடையில் தன்னைப் பிடிக்க வந்தவனை ஒரு கடத்தல்காரன் மேஜைக்கு அடியிலிருந்து சுட்டுவிடுவான். அப்படிப்பட்ட சுயநலக்காரன் கடைசியில் நண்பனுக்காக உயிரைப் பணயம் வைத்துத் திரும்பி வருவதில்தான் அந்தப் பாத்திரத்தின் அழகு. 1997-ல் லூகாஸ் பழைய படத்தைப் புதுப்பித்து வெளியிட்டபோது, எதிராளியே முதலில் சுடுவதாக மாற்றிவிட்டார். அதன்பின் பல ஆண்டுகள் திருத்திய பிரதிதான் கடைக்கு வந்தது. பழைய பிரதி 2006-ல் ஒரு முறை இணைப்பாகத் தலைகாட்டியதோடு சரி. இதே லூகாஸ்தான் 1988-ல் அமெரிக்கக் காங்கிரஸின் முன்பு போய், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் பூசுவதைக் கண்டித்து, கலைப் பொருளை மாற்றிச் சிதைப்பது அநாகரிகம் என்று வாதாடினார்! 2025 ஜூன் மாதம் லண்டனில், 1977-ல் ஓடிய அசல் பிரதி ஒன்றைத் திரையிட்டார்கள். அதைத் தேடிப் போனவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்ததைத் திருப்பிப் பிடுங்காதே என்று கேட்பது நியாயமான வழக்கு.

இங்கேதான் கோடு கிழிக்க வேண்டும் என்பது என் கட்சி. பழைய படத்தில் கை வைத்தால் உன் சொத்தில் கை வைத்ததாகும். புதிய படம் எடுத்தால், அது எவ்வளவு மட்டமாக இருந்தாலும், உன்னிடமிருந்து அது எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பன் ராமனுக்குப் பட்டம் சூட்டிவிட்டுக் காவியத்தை முடித்துக்கொண்டான். ஒட்டக்கூத்தர் பாடியதாக வழங்கும் உத்தர காண்டம், சீதையை மறுபடியும் காட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அதைக் கேட்டு மனம் பொறாதவர்கள் எத்தனையோ தலைமுறையாக இருந்து வருகிறார்கள். ஆனால் அதனால் கம்பனுடைய பட்டாபிஷேகத்தில் ஒரு விளக்காவது அணைந்ததா? வேண்டாதவன் அங்கேயே நூலை மூடி வைக்கிறான், அவ்வளவுதான்.

நூலை மூடி வைக்கத் தெரியாதவர்கள் செய்த காரியத்தைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1999-ல் அந்தக் கோமாளிப் பாத்திரத்துக்கு உடலும் குரலும் கொடுத்தவர் அகமது பெஸ்ட் என்ற இளைஞர். எழுதியதை நடித்தார், வேறொரு பாவமும் அறியார். அவர்மேல் பொழிந்த ஏளனமும் வெறுப்பும் தம்மைத் தற்கொலையின் விளிம்புவரை கொண்டுபோயின என்று ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2018-ல், அவரே வெளியே சொன்னார். 2017-ல் வந்த படத்தில் முக்கிய வேடம் ஏற்ற கெல்லி மாரி டிரான், வியத்நாமிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். அவருடைய நிறத்தையும் இனத்தையும் உருவத்தையும் சொல்லிச் சொல்லி இழித்தார்கள். 2018-ல் அவர் தம் பக்கத்தில் வெளியிட்டிருந்த படங்களையும் குறிப்புகளையும் அழித்துவிட்டு ஒதுங்கினார். அடுத்த படத்தில் அவருடைய வேடம் மிகவும் சுருங்கிப் போயிருந்தது.

கொடியவனான தகப்பனையே கொல்ல மறுத்த ஒரு பையனின் கதையைப் போற்றுகிறவர்கள் இதைச் செய்தார்கள்! கதையின் ஒவ்வொரு வசனமும் அவர்களுக்கு மனப்பாடம். எந்தக் கப்பலுக்கு என்ன வேகம் என்று கேட்டால் சொல்வார்கள். அந்தக் கதை சொன்ன ஒரே ஒரு விஷயம் மட்டும் அவர்களுக்குள் இறங்கவில்லை. படம் கெட்டதற்காக நடித்தவளை அடிக்கிறவன், கதையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கதையின் வில்லன் பக்கம் போய் நிற்கிறான். புதிய படம் பழைய படத்துக்குத் துரோகம் செய்ததோ இல்லையோ, அவன் துரோகம் செய்துவிட்டான்.

காலம் என்ற விமர்சகனையும் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1980-ல் வந்த இரண்டாவது படத்தை நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் வின்சென்ட் கேன்பி மெச்சவில்லை; கதை பாதியில் நிற்கிறதே என்று அன்று மனத்தாங்கல் கொண்டவர்கள் உண்டு. பிற்பாடு அதையே எல்லாவற்றிலும் சிறந்தது என்று பலர் கொண்டாடினார்கள். 1999-ன் படத்தைக் குழந்தைகளாகப் பார்த்தவர்கள் வளர்ந்து, 2024-ல் அது மறுபடியும் திரைக்கு வந்தபோது ஆசையோடு போய்ப் பார்த்தார்கள். அவர்களுக்கு அதுதான் 'நம்ம படம்'. அகமது பெஸ்ட் 2023-ல் அதே கதையுலகத்தின் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் ஒரு குழந்தையைக் காப்பாற்றும் வீரனாகத் தோன்றினார். ரசிகர்கள் கைதட்டி வரவேற்றார்கள். கைதட்டியதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு ஒரு மனிதன் இருபத்து நான்கு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

பிடிக்காத படத்தைப் பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். காரணத்தோடு சொல்லுங்கள், எழுதினவனுக்குக் கோபமாகக் கடிதம் போடுங்கள், அடுத்த படத்துக்குப் போகாமல் இருங்கள். இவ்வளவும் உங்கள் பாத்தியதை. இதற்கு மேல் ஒரு படி தாண்டும் முன், கொட்டகையில் பக்கத்து நாற்காலியை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். அங்கே ஒரு பத்து வயதுக் குழந்தை அந்தக் கதையை முதன்முதலாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதன் காது கேட்க நாம் என்ன பேசுகிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.