போற்றினால் போதுமா?

தாய்மை புனிதமானது என்கிறோம். தியாகத்தின் திருவுருவம் என்று பாடுகிறோம். பாராட்டுரை பொழிந்துவிட்டுப் படுக்கையில் சாய்கிறோம். நள்ளிரவில் குழந்தை வீறிடுகிறது. எழுந்து ஓடுபவள் யார்?

2018ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'டல்லி' என்னும் திரைப்படம் எழுப்பும் கேள்வி இதுதான். டயாப்ளோ கோடி எழுத, ஜேசன் ரைட்மன் இயக்கியது. சார்லிஸ் தெரோன், மார்லோ என்னும் தாயாக நடிக்கிறார். மூன்றாவது மகவு பிறந்திருக்கிறது. பாலூட்டல், அணையாடை மாற்றல், தாலாட்டல், மீண்டும் பாலூட்டல். இரவுக்கும் பகலுக்கும் இடையே எல்லை அழிகிறது.

கணவன் கொடியவனா? அல்லன். அடிப்பதில்லை; உழைத்துப் பொருள் ஈட்டுகிறான். ஆயினும் இரவானால் வீடியோ விளையாட்டில் மூழ்கிவிடுகிறான். அவனிடம் உள்ளது கொடுமையன்று, காணாமை. கண்ணிருந்தும் காணாமை குற்றமாகுமா? ஆகும் என்பேன். அவன் துய்க்கும் ஓய்வு, அவள் இழந்த உறக்கமல்லவா?

டல்லி என்னும் இளம்பெண் இரவுத் தாதியாக வருகிறாள். குழந்தையைப் பேணுகிறாள், வீட்டைத் துலக்குகிறாள். தாயின் முகம் மலர்கிறது. பிறகுதான் தெரிகிறது, அப்படி ஒருத்தி வரவே இல்லை என்பது! டல்லி, மணத்துக்கு முன் மார்லோவின் குடும்பப் பெயர். உறக்கமிழந்த உள்ளம் தன் இளமையையே துணைக்கு அழைத்திருக்கிறது. இருவர் வேலையையும் செய்தது ஓர் உடல். அந்த உடல் காரோட்டும்போது ஓர் இரவு கண்ணயர்கிறது; கார் நீரில் வீழ்கிறது.

அந்நாடு அன்னையைப் போற்றாத நாடா? அன்னையர் நாளைக் குடியரசுத் தலைவர் வில்சன் 1914இலேயே அறிவித்தார். ஆனால், தகுதி பெற்ற ஊழியருக்கு மகப்பேற்றின்போது 12 வார விடுப்பு தரும் கூட்டரசுச் சட்டம் 1993இல்தான் வந்தது. அந்த விடுப்புக்கும் ஊதியம் இல்லை! பூச்செண்டு முந்திற்று, விடுப்பு 79 ஆண்டு பிந்திற்று.

"பெற்றவளுக்குப் பிள்ளை சுமையா?" என்று சீறுவோர் உண்டு. பிள்ளை சுமையன்று, தோழர்களே! துணையின்மையே சுமை. அன்பு வற்றாதிருக்கலாம்; உடல் வற்றும். தெய்வத்துக்குப் பசியில்லை, களைப்பில்லை. அதனால்தான் அவளைத் தெய்வமாக்கினோமோ?

படத்தின் முடிவில் கணவன் சமையலறைக்கு வருகிறான். வாழ்த்துப்பா பாடவில்லை, அவளருகே நின்று வேலையில் பங்கு கொள்கிறான். அந்த இரு கைகள் ஆயிரம் புகழுரைக்கு மேலானவை.

தாயைத் தொழவேண்டாம்; தூங்கவிடுங்கள்!