வக்கீலின் வருமானம் ஹலாலா?

சென்ற மாதம் அருப்புக்கோட்டையில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, பெரியவர் ஒருவர் எம்மை ஓரமாக அழைத்தார். "ஹஜ்ரத், நம்ம மகன் வக்கீலா இருக்கான். கள்ளப் பத்திரம் எழுதினவனுக்கும் வகாலத்து வாங்குறான். அவன் கொண்டு வர்ற காசுல ஆக்குற சோறு ஹலால்தானா?" என்று கேட்டார். கண்கள் கலங்கியிருந்தன. சட்டம் படித்த பிள்ளைகள் உள்ள எல்லா வீட்டுக்கும் உரிய கேள்வி இது.

வக்கீல், வகாலத்து என்பன அறபுச் சொற்கள். ஒருவர் தம் காரியத்தை இன்னொருவரை நம்பி ஒப்படைப்பதே வகாலத்து. குற்றம் சாட்டப்பட்டவனுக்காக நிற்பது தன்னளவில் பாவமன்று. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். தன் தரப்பை எடுத்துச் சொல்லத் தெரியாதவனுக்கு ஒரு நாவு வேண்டுமல்லவா?

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. கோயம்புத்தூரில், வக்கீல்களோடு மோதிய போலீஸாருக்காக யாரும் ஆஜராகக் கூடாதென்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அத்தகைய தீர்மானம் செல்லாது, எத்தனை கொடியவனுக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆயினும் இதற்கொரு வரம்பு உண்டு. மதீனாவில் துஃமா என்பவன் ஒரு கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர் மீது போட்டான். உண்மை தெரிந்திருந்தும் அவனுடைய உறவினர்கள் அவனுக்காகப் பரிந்து பேச வந்தார்கள். அப்போது, மோசடிக்காரர்களுக்காக வாதாடலாகாது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 105-ம் வசனமும் அதைத் தொடர்ந்தவையும் இறங்கின என்று தஃப்ஸீர்கள் கூறுகின்றன. பழி நீங்கியது அந்த யூதருக்கே! நம்மவன், பிறன் என்ற பேதம் அங்கே பார்க்கப்படவில்லை.

திருச்சுழிப் பக்கம் ஒரு விதவையின் நாலு ஏக்கர் மானாவாரி நிலத்துக்கு ஒருவன் கள்ளப் பத்திரம் எழுதினான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கைதானால் ஜாமீன் கேட்கலாம். சாட்சியத்தின் பலவீனத்தைக் காட்டலாம். செய்த குற்றத்துக்கு மேல் தண்டனை வராமல் காக்கலாம். ஆனால் பத்திரம் பொய்யென்று அறிந்தே, அதைக் காட்டி நிலத்தைப் பிடுங்க வழக்குப் போட்டால், வக்கீலும் அந்தத் திருட்டில் பங்காளியே. பொய்ச்சாட்சிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் அப்படியே. கட்சிக்காரன் சொன்ன இரகசியத்தைக் காக்கும் சட்டங்கூட, இனிமேல் செய்யப்போகும் சட்டவிரோதக் காரியத்துக்காகச் சொன்னதைக் காப்பதில்லை.

வாக்கு வன்மையால் பிறர் உரிமையை வென்றெடுப்பவர் நெருப்புத் துண்டையே எடுத்துச் செல்கிறார் என்பது நபிமொழியின் கருத்து. நீதிபதி தந்தார் என்பதால் அது ஹலாலாகிவிடாது.

ஆகவே பெரியவரிடம் நாம் சொன்னது இதுதான்: "மகன் யாருக்காக நிற்கிறார் என்று கேட்காதீர்கள். எதைச் சொல்லி நிற்கிறார் என்று கேளுங்கள். மனிதனுக்காக நின்றால் அந்தச் சோறு ஹலால். பொய்க்காக நின்றால், அது விதவையின் வயிற்றிலிருந்து எடுத்தது."

வல்ல நாயன் நம் பிள்ளைகளின் நாவுகளை உண்மையின் மீது நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.