சுருக்குப்பையில் நாலு மாத்திரை

மரக்காணம் உப்பளத்தில் விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் பலகையால் வாரி ஒதுக்குவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து, வரப்பு வழியே நடந்துபோய் மேட்டில் கொட்டுவார்கள். என் சின்னம்மா முப்பது வருஷத்துக்கு மேல் அப்படிச் சுமந்தவர். அவருடைய சுருக்குப்பையில் வெற்றிலை, பாக்கு, சில்லறையோடு இன்னொன்றும் இருக்கும்: கத்தரியால் வெட்டிய மாத்திரை அட்டைத் துண்டு.

மருந்துக்கடையில் போய் "சளி, காய்ச்சல்" என்று சொன்னால் நாலு மாத்திரை வெட்டிக் கொடுப்பார்கள். பெயர் அச்சிட்ட பக்கம் பெரும்பாலும் கடையிலேயே நின்றுவிடும். ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டால் மிச்சம் சுருக்குப்பைக்குள் போகும். அடுத்த காய்ச்சலுக்கு ஆகும், அல்லது அடுத்த வீட்டுக்கு ஆகும்.

ஒருமுறை அவரைக் கண்டித்தேன். "இப்படிப் பாதியில நிறுத்தக் கூடாது சின்னம்மா. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடணும்."

"ரெண்டு நாள்ல எழுந்து நின்னுட்டேன் கண்ணு. நிக்கறவளுக்கு எதுக்கு மருந்து? டாக்டர பாக்கப் போனா ஒரு நாள் கூலி போச்சு. படுத்துக் கெடந்தா மூணு நாள் கூலி போச்சு. அத யாரு குடுப்பா?"

என்னிடம் அறிவுரை இருந்தது. பதில் இல்லை.

இந்த அறிவுரைக்கு ஒரு மூலக்கதை உண்டு. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் உரை ஆற்றியபோது, எவரும் கடையில் பெனிசிலின் வாங்கும் காலம் வரலாம் என்று எச்சரித்துவிட்டு ஒரு கற்பனைக் கதை சொன்னார். திரு. எக்ஸுக்குத் தொண்டைப் புண். பெனிசிலின் வாங்கித் தானே போட்டுக்கொள்கிறார். கிருமியைக் கொல்லப் போதாத அளவு அது; ஆனால் மருந்தை எதிர்த்து நிற்க அதற்குக் கற்றுக்கொடுக்கப் போதுமானது. அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. திருமதி எக்ஸுக்கு நிமோனியா. பெனிசிலின் கொடுக்கிறார்கள், வேலை செய்யவில்லை. அவள் இறந்துபோகிறாள். அவள் சாவுக்கு யார் பொறுப்பு? அலட்சியமாக மருந்தைப் பயன்படுத்திய கணவன்தான் என்கிறார் ஃபிளெமிங். கதையின் நீதி: பெனிசிலின் பயன்படுத்தினால் போதுமான அளவு பயன்படுத்து.

எண்பது வருஷமாக மருத்துவ உலகம் இந்தக் கதையை எடுத்துச் சொல்லி வருகிறது. நான் அதைப் பெண்ணாக வாசித்தபோது வேறு கேள்விகள் வந்தன. திருமதி எக்ஸுக்கு ஏன் தொற்றியது? அவன் இருமிக் கிடந்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள். வெந்நீர் வைத்தது யார், எச்சில் துணியைத் துவைத்தது யார்? கதையில் அவளுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. அவள் செய்யும் ஒரே காரியம் சாவதுதான். அவனுக்காவது ஒரு குற்றம் இருக்கிறது. அவளுக்கு அதுவும் இல்லை.

மூன்று வருஷம் முன்பு ஒரு மழைக்காலத்தில் என் அம்மா நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். சர்க்கரை நோய் உள்ளவர். முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. சளிப் பரிசோதனை அறிக்கையில் மருந்துகளின் பெயர் வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றின் எதிரிலும் ஓர் எழுத்து. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. மேலிருந்து கீழாக ஆர், ஆர், ஆர் என்று படித்துக்கொண்டே வந்தேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், வாழ்நாளில் ஒரு பக்கத்தை அவ்வளவு பயந்து படித்ததில்லை. கீழே இருந்த ஒரு ஊசி மருந்து காப்பாற்றியது. அம்மா பிழைத்தார். ஆனால் பழைய நடை திரும்பவில்லை.

வீட்டில் விசாரணை நடந்தது. "உன் தங்கச்சி குடுத்த மாத்திரையத் தின்னுதான் இப்படி ஆச்சு" என்றார்கள். சின்னம்மா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. என் கைப்பையில் இருந்ததை யாரும் கேட்கவில்லையே.

கருத்தரங்குக்கு முன்னால் தொண்டை கரகரத்தால் மூன்று நாள் அசித்ரோமைசின் போட்டுக்கொள்வது பல வருஷமாக என் வழக்கம். சாதாரணச் சளியும் தொண்டைக் கரகரப்பும் பெரும்பாலும் வைரஸால் வருபவை; வைரஸை இந்த மாத்திரை தொடாது. உடம்பில் சும்மா குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு மட்டும் பாடம் நடத்தும். நான் ஒருநாளும் பாதியில் நிறுத்தியதில்லை. ஃபிளெமிங்கின் நீதிப்படி நான் குற்றமற்றவள். தேவை இருந்து குறைவாகத் தின்றவர் சின்னம்மா. தேவையே இல்லாமல் முழுசாகத் தின்றவள் நான். அம்மாவின் நெஞ்சுக்குள் இருந்த கிருமி எங்கள் இருவரில் யாரிடம் பாடம் படித்தது, அல்லது எங்கள் இருவரிடமும் இல்லாமல் வேறெங்கோ படித்ததா, எந்தச் சோதனையும் சொல்லாது. ஆனாலும் குற்றவாளி யாரென்று எங்கள் வீட்டுக்குச் சந்தேகமே வரவில்லை. படிக்காதவள், கூலிக்காரி, அவள்தான்.

இதில் தமிழும் ஒரு சிக்கல் செய்கிறது. மருந்துக்குப் பெயர் நுண்ணுயிர் எதிர்ப்பி. உடம்பின் வலுவுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி. கிருமி மருந்தை மீறுவதற்கும் எதிர்ப்புத் திறன். பெண்ணியம் பேசும் நாங்கள் மேடையில் கொண்டாடும் சொல்லும் எதிர்ப்புதான். ஊரிலோ "மருந்து பழகிடுச்சு" என்பார்கள். எதற்குப் பழகியது என்று கேட்டால் "ஒடம்புக்கு" என்று பதில் வரும். இங்கேதான் அறத்தின் கணக்கே மாறுகிறது. பழகியது என் உடம்புக்கு என்றால் நஷ்டம் என்னுடையது, என் இஷ்டம். உண்மையில் பழகுவது கிருமி. அது என்னோடு நிற்பதில்லை. இருமலில் ஏறிப் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் போகிறது. நான் தின்கிற மாத்திரை ஊர்ப் பொதுக் குளத்தில் நான் மொள்ளும் குடம்.

குளம் எவ்வளவு வற்றியிருக்கிறது? 2022இல் லான்செட் இதழில் வந்த உலக மதிப்பீட்டின்படி, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக 2019இல் மட்டும் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள். அதில் மிகப் பெரிய பங்கு நுரையீரல் தொற்றுகளுக்கு.

குடத்தோடு வருபவர்களை மட்டுமே நாம் திட்டுகிறோம். மோட்டார் போட்டு இறைத்தவர்களும் உண்டு. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில், மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. கடைசிப் புகலிடமான கொலிஸ்டினைக் கோழிப் பண்ணைகளில் கொடுப்பதை இந்தியா தடை செய்ததே 2019இல்தான்.

மானம் என்ற பெயரில் மூடி மறைத்ததும் உண்டு. கடைசி வரிசை மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 இந்தியாவில் பரவியிருப்பதை 2010இல் உலகுக்குச் சொன்ன கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் கார்த்திகேயன் குமாரசாமி. அந்தப் பெயரில் புதுதில்லி இருந்ததுதான் பெரிய விவகாரமாயிற்று. மகளுக்கு நோய் என்றால் ஊருக்குத் தெரியக் கூடாது என்று பதறும் குடும்பத்தைப்போல நாடே பதறியது. பிறகு 2012இல் மருத்துவர்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் வெளியிட்டார்கள். 2014 மார்ச் முதல் அட்டவணை எச்1 நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள மருந்துகளை விற்றால் எழுதிக் கொடுத்த மருத்துவர், நோயாளி, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் டாக்டரைப் பார்க்கப் போகும் நாளின் கூலிக்கு அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது.

ஏழைகள் அறியாமையால் மருந்தைக் கெடுக்கிறார்கள் என்பவர்களுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு, நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து ஒரு வருஷம் வைத்தியம் பார்த்தது. நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டிலும் ஏறத்தாழ அதே அளவு குணம் கிடைத்தது. அந்த வீடுகளில் உடனிருந்தவர்களுக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. அதாவது சென்னையின் திருமதி எக்ஸ் சாகவில்லை. மருந்து இலவசமாகக் கிடைத்தது. வீடு தேடி வந்து விசாரிக்க ஆள் இருந்தது. அந்த ஒரு வருஷம் வீட்டில் பார்த்துக்கொண்ட பெண்களின் உழைப்பை மட்டும் யாரும் கணக்கில் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகும் நாட்களை நீட்டிக்கொண்டே போவது எல்லாத் தொற்றுக்கும் தேவையில்லை, அதுவே எதிர்ப்பை வளர்க்கலாம் என்று 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் சில மருத்துவர்கள் எழுதினார்கள். காசநோய்க்கு இது பொருந்தாது. அதைப் பாதியில் விட்டால் ஆபத்து. எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் "பாதியில் நிறுத்தியவளே பாவி" என்று நான் சின்னம்மாவிடம் காட்டிய உறுதி அறிவியலிடமே இல்லை.

அப்படியானால் தனிமனிதப் பொறுப்பே கிடையாதா? உண்டு. ஆனால் பொறுப்பு, மறுத்துச் சொல்ல இடமிருப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். எனக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. கரகரத்த தொண்டையோடு கருத்தரங்குக்குப் போகாமல் இருக்கலாம். கல்யாண வீட்டில் யாராவது அட்டையை நீட்டினால் வேண்டாம் எனலாம். சின்னம்மாவுக்கு அந்த இடம் இல்லை. மழைக்காலத்தில் உப்பளம் மூடும்போது அரசு தரும் ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் உண்டு. வேலை நடக்கும் மாதங்களில் இருமினால் ஒன்றும் இல்லை. அந்த மூன்று நாள் கூலி அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பது கருணை அல்ல. என் அம்மாவின் நுரையீரலுக்கான மருந்தும் அதுதான்.

போன பருவத்தில் வகுப்பில் ஃபிளெமிங் கதையைச் சொல்லி, திருமதி எக்ஸின் பக்கத்திலிருந்து எழுதச் சொன்னேன். பலரும் கணவனைத் திட்டி எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். தொண்டைப் புண் முதலில் வந்தது மனைவிக்குத்தான், வீட்டு வேலை நின்றுவிடுமே என்று அவள் சொல்லவில்லை, மருந்தும் வாங்கவில்லை.

அதை ஊருக்குப் போனபோது சின்னம்மாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அந்தப் பொண்ணோட அம்மா எந்த அளத்துல வேல செய்யறா?" என்றார்.