விபூதியும் மருந்துச்சீட்டும்

போடிநாயக்கனூரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் தெருவுக்கே தெரியும். மாத்திரை அட்டை டிவிப் பெட்டியின் மேல் கிடக்கும். சாப்பிட்டாயா என்று பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்பார். மன அழுத்தத்துக்கான மாத்திரை மட்டும் துணி அலமாரியின் அடியில் ஒளிந்திருக்கும். கோடங்கியிடம் குறி கேட்பதும், மந்திரித்துக் கயிறு கட்டுவதும், வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொள்வதும் ஊரறிய நடக்கும். மருத்துவரிடம் போனது மட்டும் மறைக்கப்படும். இந்த மறைப்புக்குக் கூச்சம் ஒரு காரணம்தான். அதற்கு அடியில் ஓர் ஆன்மிகக் கேள்வி இருக்கிறது: உள்ளத்தின் துயரத்துக்கு மாத்திரை போடுவது, உள்ளத்தைப் படைத்தவனை நம்பாததற்கு அடையாளமா? இந்தக் கேள்விக்கு நாம் சரியான பதில் சொல்லாததால்தான் அந்த மாத்திரை ஆபத்தான விதத்தில் பயன்படுத்தப்படுகிறது என்பது என் கருத்து. மருந்தின் பாதுகாப்பு மருந்துக்கடையில் தொடங்குவதில்லை. மருந்தைப் பற்றி நாம் கொண்டிருக்கும் நம்பிக்கையில் தொடங்குகிறது.

முதலில் மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்த மருந்துகளில் முதலில் வந்தவை ஏறக்குறைய தற்செயலாகக் கிடைத்தவை. 1950களின் தொடக்கத்தில் காசநோய்க்குக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியாசிட், நோயாளிகளின் மனநிலையையும் உயர்த்தியது. 1957இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ரோலண்ட் கூன், இமிப்ரமின் என்ற மருந்து ஆழ்ந்த மனச்சோர்வைக் குறைப்பதை வெளியிட்டார். 1987இல் அமெரிக்காவில் ஃப்ளூயாக்சிடினுக்கு அனுமதி கிடைத்தது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் என்று இன்று சீட்டில் எழுதப்படுபவை அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. 2018இல் 'லான்செட்' இதழில் வந்த பெரும் தொகுப்பாய்வு, 522 சோதனைகளில் பங்கேற்ற 1,16,477 பேரின் முடிவுகளைத் திரட்டியது. அதில் ஆராயப்பட்ட 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தன; ஆனால் சராசரிப் பலன் மிதமானதுதான். மூளையில் செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்ற எளிய விளக்கத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு சொன்னது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைப்பது இதுதான்: மருந்து பலருக்கு உதவுகிறது, எல்லோருக்கும் அல்ல. அது எப்படி உதவுகிறது என்பது இன்னும் முழுதாக விளங்கவில்லை. அது அற்புதமும் அல்ல, ஏமாற்றும் அல்ல.

இனி நம்பிக்கையாளரின் மறுப்பைக் கேட்போம். அதை இளக்காரமாகத் தள்ள முடியாது, ஏனெனில் அதன் பின்னால் பெரியபுராணமே நிற்கிறது. நாவுக்கரசரின் சூலைநோய் தமக்கை திலகவதியார் தந்த திருநீற்றிலும் திருவதிகைப் பெருமான் அருளிலும் தீர்ந்தது. பாண்டியனின் வெப்புநோயை ஞானசம்பந்தர் திருநீற்றால் தணித்தார். திருநீறு போதும் என்று நம்முடைய பெரியவர்களே காட்டியிருக்க, மாத்திரை எதற்கு? இந்தக் கேள்விக்கு ஓர் எதிர்க்கேள்விதான் பதில். சம்பந்தர் தணித்தது காய்ச்சலை. ஆனால் இன்று போடியில் காய்ச்சல் வந்த எந்தச் சிவபக்தரும் பாரசிட்டமால் போடுவதைப் பாவம் என்று நினைப்பதில்லை. ஏலத்தோட்டத்தில் பாம்பு தீண்டினால் எந்தக் குடும்பமும் விஷமுறிவு ஊசியை வேண்டாம் என்பதில்லை. அந்தக் கதைகளை அருளின் சாட்சியாகத்தான் ஏற்கிறோம். மருத்துவ விதியாக ஏற்பதில்லை. அப்படியிருக்க, உடம்பின் நோய்களுக்குப் பொருத்தாத அந்தச் சோதனையை மனத்தின் நோய்க்கு மட்டும் ஏன் பொருத்துகிறோம்?

காரணம் ஒன்றே. மனமும் ஆன்மாவும் ஒன்று என்று நம்மையறியாமல் நினைத்துவிடுகிறோம். மனம் சோர்ந்தால் ஆன்மா தோற்றுவிட்டதாகத் தோன்றுகிறது. அதனால் மருந்து ஆன்மாவின் இடத்தில் கைவைப்பதாகவும் தோன்றுகிறது. ஆனால் இந்த எண்ணத்தை மறுத்தது நம்முடைய சைவ சித்தாந்தமே. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் நிறுவுவது, ஆன்மா அந்தக்கரணங்களில் ஒன்று அல்ல என்பதைத்தான். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய நான்கும் மாயையிலிருந்து தோன்றிய கருவிகள். தாமாக அறியும் ஆற்றல் அற்றவை. அறிவது ஆன்மா, அவை அதற்குத் துணை நிற்பவை. இதை உண்மையிலேயே நம்புகிறவர், கண் மங்கினால் கண்ணாடி போடுவதைப் போல மனம் மங்கினால் மருந்து எடுப்பதிலும் ஆன்மாவுக்கு இழுக்கு எதையும் காண வேண்டியதில்லை. 'மாத்திரை என்னை வேறு ஆளாக்கிவிடுமே' என்ற அச்சத்துக்கும் இதுவே விடை. கருவி பழுதாகிக் கிடக்கையில் பார்ப்பவர் மாறிவிடுவதில்லை. பழுது நீங்கினாலும் அவர் மாறிவிடுவதில்லை. மருந்தால் உணர்வுகள் மரத்துப்போனதாகச் சிலர் சொல்வது உண்மை. அது கருவியைச் சரிசெய்த விதத்தில் வந்த குறை. மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டிய பக்கவிளைவு. ஆன்மா பறிபோனதன் அறிகுறி அல்ல.

பிற சமயங்களும் இதற்கு மாறாகச் சொல்லவில்லை. மருந்து இல்லாமல் இறைவன் எந்த நோயையும் இறக்கவில்லை என்பது நபிமொழி. மருத்துவரை மதிக்கச் சொல்லும் பகுதி கத்தோலிக்க விவிலியத்தின் சீராக் நூலில் இருக்கிறது. வைத்தீசுவரன் கோயிலில் இறைவனின் பெயரே வைத்தியநாதர். வீரபாண்டியில் சொல்லப்படும் தலக்கதையில் பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒரு கண்ணை அம்மனிடமும் மற்றொன்றைக் கண்ணீசுவரமுடையாரிடமும் பெறுகிறான். ஒரே குறைக்கு இரண்டு வாசல்களில் நின்று கேட்டதால் அம்மன் மேல் அவனுக்கிருந்த பக்தி குறைந்ததாக அந்தக் கதை கருதவில்லை.

நம்பிக்கை தரும் நன்மையை மருத்துவ உலகமும் மறுக்கக் கூடாது. 2002இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' ஒரு தமிழ்நாட்டு ஆய்வை வெளியிட்டது. வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயிலுக்கு வந்து தங்கிய 31 மனநோயாளிகளை ஆய்வாளர் ரகுராமும் அவருடன் பணியாற்றியவர்களும் கவனித்தார்கள். கோயிலில் சில வாரங்கள் தங்கியிருந்த அவர்களுக்கு நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அச்சுறுத்தாத இடம், உடன் இருக்கும் குடும்பம், கோயிலின் அன்றாட வேலைகள் ஆகியவை ஆற்றும் வல்லமை கொண்டவை என்பதற்கு இது சான்று. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றி 28 பேர் வெந்து இறந்தார்கள். அங்குள்ள தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. அந்த மரணங்கள் உச்ச நீதிமன்றம்வரை போயின. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடை செய்தது. தீ விபத்துக்குப் பின்னான ஆண்டுகளில் அதே தர்காவில் மருந்தும் துவாவும் சேர்ந்து கிடைக்கும்படி அரசு மனநல மருத்துவர்கள் அமர்ந்தார்கள். நம்பிக்கை மனிதரை ஆற்றும் என்பதை முத்துசாமி கோயில் காட்டுகிறது. மருத்துவத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திய நம்பிக்கை என்ன செய்யும் என்பதை ஏர்வாடி காட்டியது.

இப்போது மாத்திரைக்கே வருவோம். அதைப் பயன்படுத்துவதில் நடக்கும் பெரிய தவறுகள் பலவும், வழிபாட்டின் பழக்கங்களை மருந்தின் மேல் ஏற்றுவதால் வருபவை. தீர்த்தம் தெளித்ததும் நிம்மதி வருவதைப் போல மாத்திரை போட்ட மூன்றாம் நாளே விடியும் என்று எதிர்பார்க்கிறோம். உண்மையில் பலன் தெரிய இரண்டு வாரம் முதல் ஆறு வாரம்வரை ஆகலாம்; குமட்டல், தலைவலி, படபடப்பு போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். நன்மை பின்னால் வருகிறது, தொல்லை முன்னால் வருகிறது. இதை யாரும் சொல்லாவிட்டால், 'எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று பத்தாம் நாள் அட்டை குப்பைக்குப் போகும். நேர்த்திக்கடனைச் செலுத்தியதும் கணக்கு முடிந்துவிடுவதைப் போல, மனம் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்துகிறோம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்தால்தான் நோய் திரும்பும் வாய்ப்பு குறையும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரலாம். சாராயத்தைப் போல இந்த மாத்திரை ஏக்கத்தை வளர்த்து அடிமையாக்குவதில்லை. ஆனாலும் உடம்பு அதற்குப் பழகிவிடுவதால் மருத்துவர் சொல்லியபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். விபூதியைப் பகிர்ந்துகொள்வதைப் போல, எனக்குக் கேட்டது உனக்கும் கேட்கும் என்று மாத்திரையைப் பகிர்வது இன்னும் பெரிய தவறு. ஒருவருக்கு இருப்பது வெறும் சோர்வா, மனஎழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ நோயா என்பது தெரியாமல் கொடுத்தால் மருந்தே எழுச்சியைத் தூண்டிவிடக்கூடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு ஒளிப்பது. மருந்தைப் பாவமாக நினைப்பவர் வேறு வலிக்காக வேறு மருத்துவரிடம் போகும்போது அதைச் சொல்ல மாட்டார். முதுகுவலிக்கு டிரமடால் எழுதப்பட்டால், இந்த மருந்துகள் பலவற்றோடு அது சேர்ந்து கடும் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இபுப்ரோஃபன் போன்ற வலிமாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு கூடும். முதியவர்களுக்கு உப்புச்சத்து குறைந்து தடுமாற்றம் வரலாம். மதுவோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் தூக்கத்தைத் தருபவை. விடியும் முன் ஜீப்பில் நின்றபடி போடிமெட்டின் 17 கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து ஏலக்காய் எடுக்கப் போகிறவரும், அந்த ஜீப்பை ஓட்டுகிறவரும் தங்கள் வேலை இது என்று மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் சிகிச்சையின் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2004இல் சிறாருக்கும் 2007இல் இளைஞர்களுக்கும் கட்டாயமாக்கியது. முதல் சில வாரங்கள் வீட்டில் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளையை யார் கவனிப்பார்? ஏலத்துக்கு மருந்தடிக்கும் ஊர்களில் பூச்சிமருந்து பூட்டுக்குள், வேறொருவர் கையில் சாவியுடன் இருக்க வேண்டும். இலங்கை 1990களிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தபோது தற்கொலை விகிதம் பெருமளவு குறைந்தது. சாகும் எண்ணம் பெரும்பாலும் கடந்துபோகும் ஒரு கொடிய வேளை என்பதையும், அந்த வேளையைக் கடக்கவைத்தால் மனிதர் பிழைப்பார் என்பதையும் அது காட்டுகிறது. அந்த வேளையில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம்.

இன்னொரு மறுப்பு உண்டு. அது பக்தர்களிடமிருந்து வருவதல்ல, நியாயம் கேட்பவர்களிடமிருந்து வருவது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022இல் 1,000 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. விலை ஏறிய ஆண்டில் வாங்கிய கடன் விலை இறங்கிய ஆண்டில் கழுத்தை இறுக்கினால், அந்தத் துயரத்தை நோய் என்று பெயரிட்டு மாத்திரை கொடுப்பது அநியாயத்தை மூடி மறைப்பது ஆகாதா? ஆகும், மாத்திரையோடு நின்றுவிட்டால். எல்லாத் துயரமும் நோய் அல்ல. இழப்புக்கு அழுவது மனித இயல்பு. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் செயலும் முடங்கும்போதுதான் அது நோயாகிறது. லேசான சோர்வுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையே முதலில் போதுமானதாக இருக்கலாம். ஆனால் துயரத்துக்குக் காரணம் வெளியே இருப்பதால் உள்ளே மருந்து வேண்டாம் என்பது, கல் தடுக்கி உடைந்த காலுக்குக் கட்டுப் போட வேண்டாம் என்பதாகும். கல்லையும் அகற்ற வேண்டும். காலையும் கட்ட வேண்டும். படுக்கையிலிருந்து எழ முடியாதவரால் கடன்காரரிடம் தவணை கேட்கவோ சங்கத்தில் குரல் எழுப்பவோ முடியாது. எழுவதற்கான வலுவை மருந்து தரலாம். எழுந்தவருக்கு நியாயம் தருவது சமூகத்தின் கடன்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அதன் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கொடுப்பவர். மாத்திரை அதில் நான்கில் ஒரு பங்குதான். நான்காவது இடமே நம் ஊர்களில் காலியாகக் கிடக்கிறது, ஏனெனில் ஒளித்துவைத்த மருந்தைப் பக்கத்தில் இருந்து கொடுக்க ஒருவராலும் முடியாது. அந்த இடத்தில் தாய் அமரலாம், கணவர் அமரலாம், ஜீப்பில் உடன் வரும் தோழி அமரலாம். கோடங்கியும் பூசாரியும் ஆலிமும் பாதிரியாரும்கூட அமரலாம். மக்கள் முதலில் தேடிப்போவது அவர்களைத்தான். கயிறு கட்டி முடித்ததும் அவர்கள் ஒன்று கேட்டால் போதும்: 'க.விலக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாயா?' நம்பிக்கை உள்ளவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரும் நாளில், மாத்திரை துணி அலமாரியை விட்டு டிவிப் பெட்டியின் மேல் வந்துவிடும்.