பாதி பதில்

அப்பாவிடம் ஏதோ கேட்டு, பதிலே வராமல் போன அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. சிறு வயதிலிருந்து இன்றுவரை!

1987 ஜூலை 29 அன்று இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன நம் படை, அக்டோபரில் புலிகளோடு யுத்தத்தில் இறங்கிவிட்டது. அந்தப் படையில் அப்பாவும் இருந்தார். நான் அப்போது ஒண்ணாம் கிளாஸ்.

'யாழ்ப்பாணம் எப்படிப்பா இருக்கும்?' என்று கேட்டால், 'வெயிலா இருக்கும்' என்பார். அவ்வளவுதான். ஒரே ஒரு முறை மட்டும், 'தமிழ் தெரியும்னு எந்த வீட்டுக்குப் போனாலும் என்னைத்தான் வாசல்ல முன்னால நிறுத்துவாங்க' என்றார். அப்புறம்? 'விடுடா.'

சுமார் 1,200 வீரர்கள் உயிரோடு திரும்பவில்லை. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகம் வந்தபோது, வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. சொந்த ஊரிலேயே காது கொடுக்க ஆளில்லாத கதையை அவர் யாரிடம் சொல்லியிருப்பார்?

காலேஜ் நாட்களில் சண்டையே போட்டிருக்கிறேன். 'மகனுக்குத் தெரியக் கூடாதா?' என்று. இப்போது அந்த வேகம் இல்லை. கட்டை அவிழ்த்துக் காயத்தைக் காட்டு என்று பெற்ற பிள்ளையே கேட்டாலும் நியாயமில்லைதான்.

ஆனால், நான் பி.காம் படித்தவன். ஒரு பக்கம் பற்று என்றால், இன்னொரு பக்கம் வரவு இருந்தே தீர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அப்பா எழுதாமல் விட்டது, அங்கே அந்த வாசலுக்கு உள்ளே நின்றவர்களின் கணக்கில் இருக்குமே... அப்படியானால் மௌனம் அவருக்கு மட்டும் சொந்தமா?

வளசரவாக்கத்தில் எங்கள் கீழ்வீட்டுக்கு ஒரு யாழ்ப்பாணத்து அம்மா குடிவந்தார். டி.வி-யில் அந்த ஊர்த் தமிழ் கேட்டாலே எழுந்து போகும் அப்பா, அவருக்கு அரிசி மூட்டை தூக்கிக் கொடுத்தார். கேஸ் சிலிண்டரை மாட்டிக் கொடுத்தார். எனக்கு ஆச்சர்யம்!

ஒருநாள் மாடிப்படியில் அந்த அம்மா கேட்டார்: 'தம்பி, ஐயா முந்தி என்ன வேலை பார்த்தவர்?'

'பேங்க்ல செக்யூரிட்டியா இருந்தார்மா.'

பொய்யில்லை. பட்டாளத்திலிருந்து வந்தபின் 12 வருஷம் பேங்க் வாசலில் நின்றவர்தான். ஆனால், அதைச் சொன்ன விநாடி எனக்கு வியர்த்துவிட்டது. அப்பாவுக்கு வார்த்தை வரவில்லை என்றாவது சொல்லலாம். எனக்கு நாக்கு நுனியில் இருந்ததே! யாரைக் காப்பாற்றினேன்? அப்பாவையா, அந்த அம்மாவையா, எங்கள் மாடிப்படியின் நிம்மதியையா? இந்தக் கையிலிருந்து அரிசி மூட்டையை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு பண்ண வேண்டியவர் அவரல்லவா? அதை நான் பறித்துக்கொண்டேனே. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

'நல்ல மனுசன்' என்றபடி அந்த அம்மா இறங்கிப் போனார்.

எங்கள் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே டி.வி சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.